பத்துப் பேர் போதும்

— நீ வளரவே இல்லையே, தம்பி.

— வளர்ற வயசு தாண்டின பிறகுதாங்க என்னை உள்ள போட்டாங்க. அதுக்கு மேல எங்க வளர்றது?

— அதுக்குச் சொல்லல. அன்னைக்குத் தீர்ப்பு சொல்ற நேரம், 'எழுந்து நில்லு'ன்னு ஜட்ஜ் சொன்னார். நீ எழுந்துட்ட. நான் மட்டும், இந்தப் பையன் எப்ப எழுந்திருப்பான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அவ்வளவு குள்ளம் நீ. இப்பக் கதவைத் திறந்ததும் அந்த உருவம்தான் ஞாபகம் வந்துது. குளோவிஸ் நார்சிஸ். சரிதானே?

— சரிதாங்க. நீங்க ஓடீலம்மா. அன்னைக்குப் பன்னெண்டு ஜூரிங்களையும் ஜட்ஜ் ஒவ்வொருத்தரா பேரைச் சொல்லிக் கேட்டார். பத்துப் பேர் 'குற்றவாளி', 'குற்றவாளி'ன்னு பக்கத்துல இருக்கறவங்க காதுல சொல்ற மாதிரி சொன்னாங்க. ஒரு பெரியவர் 'இல்லை'ன்னு முனகினார். நீங்க மட்டும்தான் 'இல்லை'ன்னு சுவர் அதிரச் சொன்னீங்க.

— என் தொண்டை அப்படி. இழுவைப் படகுக் கம்பெனியில ரேடியோ முன்னாடி உட்கார்ந்து பேசிப் பேசியே ஆயுசு போச்சு. ஆத்துல இருக்கறவனுக்குக் கேட்கணுமே. நான் ரகசியம் பேசினாக்கூட பக்கத்து வீட்டு நாய் எழுந்து உட்காரும். உள்ள வா. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கோ. சும்மா உட்காராதே, இந்த இறாலைக் கொஞ்சம் உரிச்சுக் கொடு. நாளைக்கு என் மக வர்றா, புருஷனைக் கூட்டிக்கிட்டு. அதுங்க ரெண்டும் சேர்ந்தா ஒரு கூடை இறால் காணாது.

— உரிக்கறேங்க.

— மெல்ல, மெல்ல. அப்படித் திருகினா பாதிச் சதை தலையோட போயிடும். லூசியானாவுல பிறந்தவன்தானே நீ?

— அதாவதுங்க, இருபது வருஷத்துக்கு மேல உள்ள இருந்தேன். அங்க எங்களுக்கு இறால் போடறதில்ல. கை மறந்துபோச்சு.

— ம். எப்ப வெளிய வந்தே?

— பத்து வருஷம் ஆகப் போகுது.

— பத்து வருஷமா இதே ஊர்லயா? ஒரு நாள்கூட இந்தப் பக்கம் வரணும்னு தோணலையா உனக்கு?

— தோணாம என்ன? ஒரு தடவை உங்க தெரு முனைக் கடை வரைக்கும் வந்தேன். ஒரு சோடா வாங்கிக் குடிச்சேன். அப்படியே திரும்பிப் போயிட்டேன். வந்து என்னன்னு சொல்றது? 'ரொம்ப நன்றிங்க, ஆனா பிரயோஜனப்படல'ன்னா?

— அப்படியே சொல்லியிருக்கலாம். சிரிச்சிருப்பேன். சரி, எப்படி விட்டாங்க உன்னை? உனக்குப் போட்டது அரை நூற்றாண்டுத் தண்டனை இல்ல?

— சட்டக் கல்லூரிப் பசங்க கொஞ்சப் பேர் என் கேஸைத் திரும்பத் தோண்டினாங்க. அரசாங்க வக்கீலுக்கு மறுபடியும் விசாரணை நடத்த மனசில்ல. ஒரு பேரம் பேசினார். 'நான்தான் செஞ்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. குற்றத்தைக் கொஞ்சம் சின்னதா எழுதிக்கறோம். இதுவரைக்கும் இருந்தது போதும், வீட்டுக்குப் போ'ன்னார். சொன்னேன். விட்டுட்டாங்க.

— செஞ்சேன்னு சொன்னியா?

— சொன்னேங்க. முதல்ல 'செய்யல'ன்னு சொன்னப்ப ஒருத்தரும் நம்பல. 'செஞ்சேன்'னு சொன்னதும் அந்த நிமிஷமே நம்பிட்டாங்க.

— இரு. கையைக் கழுவிட்டு வந்துடறேன். ம், இப்பக் கேட்கறேன். ரொம்ப வருஷமா எனக்குள்ள இருக்கற கேள்வி. அந்தக் கடைக்காரனைச் சுட்டது நீதானா?

— இல்லைங்க.

— ம்.

— நான் ஒண்ணும் உத்தமன் இல்ல. அந்த வயசுல சில்லறைத்தனமா எவ்வளவோ பண்ணியிருக்கேன். அதைப் பண்ணல.

— சரி.

— அவ்வளவுதானா?

— வேற என்ன? நீ 'ஆமா'ன்னு சொன்னா எந்த முகத்தை வெச்சுக்கறது, 'இல்ல'ன்னு சொன்னா எந்த முகத்தை வெச்சுக்கறதுன்னு ரெண்டுக்கும் தயார் பண்ணி வெச்சிருந்தேன். இப்பப் பார்த்தா ரெண்டும் ஞாபகம் வரல. அந்த வெங்காயத்தை இப்படித் தள்ளு. உங்க அம்மா இருக்காங்களா? தினம் ஒரு நீலத் தொப்பி போட்டுக்கிட்டு முதல் வரிசையில உட்கார்ந்திருப்பாங்களே.

— நான் உள்ள இருக்கும்போதே போயிட்டாங்க.

— ம். நான் நினைச்சேன். அந்தத் தொப்பியைப் பார்க்கக் கூடாதுன்னு விசாரணை முழுக்க ஜன்னலையே பார்த்துக்கிட்டிருப்பேன். போகட்டும். இன்னைக்கு என்ன வந்துது உனக்கு? சோடாக் கடையைத் தாண்டி வர வெச்சது எது?

— அதாவதுங்க, நான் இப்ப ஜூரியில இருக்கேன்.

— எந்த ஜூரியில?

— அதே கோர்ட்ல. அதே மாடியில.

— விளையாடாதே. ஜெயிலுக்குப் போனவனை ஜூரியில உட்கார வெக்க மாட்டாங்க. உங்களுக்கெல்லாம் ஓட்டே கிடையாதே.

— முன்னாடி கிடையாதுதாங்க. சட்டத்தை மாத்திட்டாங்க. முதல்ல ஓட்டைக் கொடுத்தாங்க. பிறகு, பரோலெல்லாம் முடிஞ்சு அஞ்சு வருஷம் ஒழுங்கா இருந்தா ஜூரியிலயும் உட்காரலாம்னு ஆயிடுச்சு.

— ஓட்டுப் போட்டியா நீ?

— போட்டேங்க. முதல் ஓட்டுல என்ன கேட்டாங்க தெரியுமா? சாக்கடை வரியைக் கூட்டலாமா, வேண்டாமான்னு. நான் அதைத் திரும்பத் திரும்பப் படிக்கறேன், பின்னாடி நின்னவர் இருமறார். 'கூட்டலாம்'னு போட்டேன். எங்க தெருவுல மழைத் தண்ணி முழங்கால் வரைக்கும் நிக்குது.

— இன்னும்தான் நிக்குது.

— நிக்குதுங்க. ஆனா இப்ப அந்தத் தண்ணியைப் பார்த்துத் திட்டறதுக்கு எனக்கு உரிமை இருக்கு.

— அது சரி. ஜூரிக்கு எப்படிக் கூப்பிட்டாங்க?

— ஒரு நாள் சம்மன் வந்துது. நான் டயர் கடையில வேலை பார்க்கறேன். அங்க எல்லாரும் அதைக் குப்பையில போடுன்னாங்க. முதலாளி, 'முதுகு வலின்னு டாக்டர்கிட்ட ஒரு சீட்டு வாங்கிடு'ன்னார். எனக்கு என்ன பயம்னா, பேர் மாத்தி யாருக்கோ வந்ததை எனக்கு அனுப்பிட்டாங்களோன்னு. கோர்ட் கவுண்டர்ல இருந்த பொண்ணுகிட்ட, 'அம்மா, நான் தண்டனை அனுபவிச்சவன், உங்களுக்குத் தெரியுமில்ல?'ன்னு கேட்டேன். அது கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு, 'காலம் தாண்டியாச்சு, போய் உட்காருங்க சார்'னுது. மறுபடியும் சொன்னேன். 'சார், உங்களுக்குப் பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க'ன்னுது. போய் உட்கார்ந்தேன். அந்தக் கூடம் நிறைய ஜனம். அத்தனை பேரும் எப்படித் தப்பிக்கலாம்னு பார்த்துக்கிட்டிருந்தாங்க. ஒருத்தருக்கு மாடு கன்னு போடற நேரம். ஒரு அம்மா பூனைக்கு மருந்து கொடுக்கணும். ஜட்ஜ் என் பக்கம் திரும்பி, 'உங்களுக்கு ஏதாவது சிரமம் இருக்கா, மிஸ்டர் நார்சிஸ்?'னு கேட்டார். 'ஒண்ணும் இல்லைங்க, நாளைக்கான சட்டையைக்கூட இஸ்திரி போட்டு வெச்சுட்டுத்தான் வந்தேன்'னேன். கூடமே சிரிச்சுது.

— மிஸ்டர் நார்சிஸ்னாரா?

— அப்படித்தாங்க கூப்பிட்டார். போன தடவை அதே மாடியில எனக்குப் பேரே இல்ல, 'குற்றம் சாட்டப்பட்டவர்'தான்.

— அது சரி, அரசாங்க வக்கீல் எப்படி விட்டான்? உன்னை மாதிரி ஆளைப் பார்த்ததுமே தட்டி விட்டிருப்பானே.

— அதைத்தாங்க நானும் யோசிச்சுக்கிட்டிருக்கேன். எழுந்து கிட்ட வந்தார். 'எங்க ஆபீஸால உங்களுக்குப் பெரிய கஷ்டம் வந்திருக்கு. அந்தக் கோபத்தை வெளிய வெச்சுட்டு வர முடியுமா?'ன்னார். 'கோபத்தை வெச்சுக்க எனக்கு இடமில்லைங்க, ஒரே அறை வீடு'ன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். 'இவர் இருக்கட்டும்'னுட்டார். என்கிட்ட எதைப் பார்த்து அப்படிச் சொன்னார்னு எனக்கு இன்னும் புரியல.

— உன்கிட்ட ஒண்ணையும் பார்க்கல. காரணம் சொல்லாம இத்தனை பேரைத்தான் தட்டி விடலாம்னு ஒரு கணக்கு இருக்கு. முன்னாடியே எல்லாத்தையும் தீர்த்துட்டு முழிச்சிருப்பான்.

— இருக்கலாம்.

— எப்ப முடியுது கேஸ்?

— சாட்சியெல்லாம் முடிஞ்சு போச்சுங்க. ரெண்டு நாளா அறைக்குள்ள உட்கார்ந்து பேசறோம். நாளைக்குக் காலையில மறுபடியும் போகணும்.

— அடப்பாவி, கேஸ் நடக்கும்போதா வந்திருக்கே? வெளி ஆள்கிட்ட வாயைத் திறக்கக் கூடாதுன்னு ஜட்ஜ் சொல்லலையா?

— சொன்னாருங்க. சத்தியமா அந்தக் கேஸைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன். யார் மேல கேஸ், என்ன கேஸ், ஒண்ணும் சொல்ல மாட்டேன். நான் கேட்க வந்தது உங்க அறையைப் பத்தி. என் கேஸுக்கு நீங்க உட்கார்ந்தப்ப உள்ள என்ன நடந்துதுன்னு. அது முடிஞ்சுபோன கதை. அதைக் கேட்கலாமில்ல?

— அதைக் கேட்கலாம். ஆனா நாளைக்குப் போற கேஸைப் பத்தி ஒரு எழுத்து உன் வாயில வந்துது, அந்த இறால் தோலோட உன்னையும் சேர்த்து வெளிய கொட்டிடுவேன்.

— சரிங்க.

— கேட்குது, சொல்லு. என்ன தெரியணும்?

— எல்லாம். நீங்கல்லாம் உள்ள போய்க் கதவைச் சாத்தினதும் என்னைக் கீழ ஒரு கூண்டுல உட்கார வெச்சுட்டாங்க. மேல காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். இவர் என்ன சொல்லியிருப்பார், அதுக்கு அவர் என்ன சொல்லியிருப்பார்னு பன்னெண்டு பேருக்கும் நானே மாத்தி மாத்திப் பேசிப் பார்ப்பேன். பிறகு ஜெயில் பண்ணையில மண்வெட்டி பிடிக்கும்போதும் அதே வேலைதான். உங்களுக்கு நான் நிறைய வசனம் எழுதியிருக்கேன், ஓடீலம்மா. அந்த அறையில என்ன இருந்துது?

— நீ நினைக்கற மாதிரி ஒண்ணும் இல்ல. ஒரு நீள மேசை, ஒரு பக்கக் கால் ஆடும். காப்பிச் சட்டியில நேத்துக் காப்பி. உன் ஆயுசைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி, மத்தியானத்துக்கு ரொட்டிக்குள்ள வறுத்த சிப்பியா, வறுத்த மீனான்னு பாதிக் காலைப்பொழுது பேசினோம்.

— எது ஜெயிச்சுது?

— மீனு. அதைச் சாப்பிட்டுட்டுத்தான் முதல் ஓட்டு எடுத்தாங்க. எட்டுப் பேர் குற்றவாளின்னாங்க. நாலு பேர் இல்லைன்னோம்.

— நாலு பேரா? எனக்கு நாலு பேர் இருந்தாங்களா?

— இருந்தாங்க. சாயங்காலம் வரைக்கும் இருந்தாங்க. ஒரு தபால்காரன், ஒரு கல்யாணமாகாத பொண்ணு, பெரியவர் ஆர்செனோ, நான். அந்த அறையில நம்ம கறுப்பு ஜனம் ஆர்செனோவும் நானும் மட்டும்தான். அவர் வாயே திறக்க மாட்டார். ஓட்டுக் கேட்டா மட்டும் தலையை ஆட்டுவார். பேசினதெல்லாம் நான்தான்.

— என்ன பேசினீங்க?

— கடைக்கு எதிர் வீட்டு அம்மா, ஓடினவனைப் பார்த்தேன்னு சாட்சி சொன்னாளே, அவ முதல் நாள் போலீஸ்கிட்ட 'உயரமான ஆள்'னு சொல்லியிருந்தா. உன் வக்கீல் அதை ஒரே ஒரு தடவை கேட்டுட்டு விட்டுட்டான். நான் விடல. 'அந்தப் பையன் எழுந்து நின்னதைப் பார்த்தோமே, அவன் உயரமா?'ன்னு கேட்டேன். ஒருத்தர் சொன்னார், 'கையில துப்பாக்கி இருந்தா எவனும் உயரமாத்தான் தெரிவான்'னு. எல்லாரும் தலையாட்டினாங்க. கேட்க நல்லாத்தான் இருந்துது. ஆனா அது பதில் இல்ல.

— வேற யாரும் பதில் சொல்லலையா?

— சொல்லல. மறுபடியும் கேட்டேன். 'அதுக்குத்தான் பதில் சொல்லியாச்சே'ன்னாங்க. பல்லிடுக்குல மாட்டின நார் மாதிரி அது எனக்கு. மத்தவங்க பல்லுல அது மாட்டல, நான் என்ன பண்றது?

— திட்டினாங்களா?

— ஒரு ஆள் கத்தினான். மேசையைக் கூடத் தட்டினான். எனக்கு அதெல்லாம் உறைக்காது. வெள்ளம் வர்ற நேரத்துல படகுக்காரனுங்க ரேடியோவுல கத்தறதைக் கேட்டிருக்கியா? அதுக்கு முன்னாடி இவன் தாலாட்டுப் பாடினான். கத்தி முடிக்கட்டும்னு காப்பி குடிச்சேன். மறுநாள் காலையில அந்தப் பொண்ணு அந்தப் பக்கம் போயிட்டா. கொஞ்ச நேரத்துல தபால்காரன் என் முகத்தைப் பார்க்காம கையைத் தூக்கினான். எட்டு பத்தாச்சு.

— பத்து ஆனதும்?

— தலைவரா இருந்தவர் மணியை அழுத்திட்டார். அப்ப இங்க அதுதானே சட்டம், பத்துப் பேர் போதும்னு. நம்மள்ல ஒண்ணு ரெண்டு பேர் உள்ள நுழைஞ்சுட்டாலும் கணக்குல வராம இருக்கணும்னுதானே அந்தக் காலத்துல அப்படி வெச்சாங்க. நான் பாதி வாக்கியத்துல இருந்தேன். 'ஆனா அந்த அம்மா சொன்னது...'ங்கறேன், எல்லாரும் எழுந்து கோட்டை மாட்டிக்கிட்டிருக்காங்க. யாருக்கும் என் மேல கோபம்கூட இல்ல. ஒருத்தி என் கைப்பையை எடுத்துக் கொடுத்தா. என்னை யாரும் ஜெயிக்கல, தம்பி. நான் தேவைப்படல, அவ்வளவுதான்.

— அவங்களையெல்லாம் பிறகு எப்பவாவது பார்த்தீங்களா?

— கைப்பை கொடுத்தவளை மீன் கடையில பார்த்தேன். ரொம்பப் பிரியமாப் பேசினா. கெளுத்தி மீன் குழம்புல நான் என்ன போடுவேன்னு கேட்டா.

— என்னைப் பத்தி?

— கேட்கல. நானும் எடுக்கல. குழம்புக்குப் பக்குவம் சொல்லிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்தப்புறம்தான் மீனே வாங்காம வந்தது தெரிஞ்சுது.

— இப்பப் பன்னெண்டு பேரும் ஒத்துப் போகணுங்க.

— தெரியும். அந்தப் பத்துச் சட்டம் ஒழிஞ்ச செய்தி வந்த அன்னைக்கு அடுப்பை அணைச்சுட்டு உட்கார்ந்தேன். அன்னைக்கும் உன்னைத்தான் நினைச்சேன். இவன் எங்க இருக்கானோன்னு.

— டயர் கடையில இருந்தேன். எனக்கும் யாரோ சொன்னாங்க. ஒரு லாரிச் சக்கரம் கழட்டிக்கிட்டிருந்தேன், பாதியில நிறுத்த முடியல.

— பன்னெண்டும் வேணும்னா அறையே வேற மாதிரி ஆயிடும் இல்ல? ஒருத்தர் மாட்டேன்னாலும் கைப்பையை எடுத்துக் கொடுத்துட்டுக் கிளம்ப முடியாது.

— முடியலைங்க.

— முடியலையா? அப்படின்னா... இரு, இரு. சொல்லாதே. ஒரு பக்கம் பதினோரு பேர், இன்னொரு பக்கம் ஒரே ஆளா?

— ஓடீலம்மா, நீங்கதான் கேஸைப் பத்திப் பேசாதேன்னீங்க.

— ஆமாம், பேசாதே. நான் கேட்கவும் இல்ல, நீ சொல்லவும் இல்ல. ஆனா உன் முகத்தைப் பார்த்தா எனக்குத் தெரியாதா? கண்ணு ரெண்டும் எப்படி இருக்கு பாரு. தூங்கினியா?

— இல்லைங்க.

— எப்படித் தூக்கம் வரும். அதுக்குத்தான் சோடாக் கடையைத் தாண்டி வந்திருக்கே. இத்தனை வருஷம் கழிச்சு உன்னைப் போய்க் கொண்டு வந்து அந்த நாற்காலியில உட்கார வெச்சிருக்கானே, கடவுளுக்கு வேற வேலை இல்ல. எப்படி நடத்தறாங்க உன்னை? அதைச் சொல்லு, அது கேஸ் இல்ல.

— ரொம்ப நல்லா நடத்தறாங்க. அதுதாங்க எனக்குப் பெரிய அதிசயமா இருக்கு. எங்க அறையில பாதிப் பேர் நம்ம ஜனம், பாதிப் பேர் வெள்ளைக்காரங்க. முதல் நாளே எல்லாருக்கும் நான் யார்னு தெரியும், கோர்ட்லயே வெச்சுத்தானே வக்கீல் கேட்டார். விலகி உட்காருவாங்கன்னு நினைச்சேன். ஒரு பாங்க் மேனேஜர் அம்மா, எனக்கு எத்தனை சர்க்கரைன்னு கேட்டு ஞாபகம் வெச்சு, மறுநாள் காப்பியில அவங்களே போட்டுக் கொடுத்தாங்க. ஒரு பண்ணைக்காரர் அவர் டிராக்டர் டயரைப் பத்தி என்கிட்ட யோசனை கேட்டார். நான் பேச ஆரம்பிச்சா எல்லாரும் நிறுத்திட்டுக் கேட்கறாங்க. 'குளோவிஸுக்குத்தான் இதெல்லாம் நம்மளைவிடத் தெரியும்'ங்கறாங்க. என் வாழ்க்கையில நான் பேசி அத்தனை பேர் கேட்டதில்லைங்க. காலையில அந்தப் படியில ஏறும்போது, யாரோ எனக்காகக் காத்துக்கிட்டிருக்காங்கங்கற மாதிரி இருக்கு.

— ஐயோ, தம்பி.

— என்னங்க?

— அதுதான்டா ஆளைக் கவுக்கற வழி. சர்க்கரை போட்டுக் கொடுக்கறாளா? அந்தச் சர்க்கரைதான்.

— அப்படியா சொல்றீங்க?

— வேற எப்படிச் சொல்றது? கத்தினா ஒருத்தர் இறங்கி வர மாட்டார்னு அவங்களுக்குத் தெரியும்.

— நான் கேட்க வந்ததே அதுதாங்க. அதாவதுங்க, அன்னைக்குப் பத்துப் பேர் போதாதுன்னு வெச்சுக்கோங்க. பன்னெண்டும் வேணும்னு சட்டம். உங்களை விட்டுட்டு யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அப்ப நீங்க எவ்வளவு நேரம் நின்னிருப்பீங்க?

— கடைசி வரைக்கும்.

— சத்தியமா?

— எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். சர்ச்சுலகூடச் சொல்லியிருக்கேன்.

— என்கிட்ட?

— உன்கிட்டப் பொய் சொல்ல முடியாது, இல்ல? சரி, கேளு. அங்க ஒருத்தர் இருந்தார், லெமுவான்னு பேரு. இன்ஷூரன்ஸ் வேலை. வெள்ளை வெளேர்னு சட்டை, ரொம்ப மெதுவாப் பேசுவார். ரெண்டாம் நாள் எல்லாரும் கத்தி ஓய்ஞ்சப்புறம் நாற்காலியை இழுத்துக்கிட்டு வந்து என் பக்கத்துல உட்கார்ந்தார். கேஸைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. 'வீட்டுல குழந்தை இருக்கா?'ன்னார். இருக்குன்னேன். 'யாரு பார்த்துக்கறாங்க?'ன்னார். பக்கத்து வீட்டுலன்னேன். நாளைக்கு வர்றாளே என் மக, இவதான். அப்ப இவளுக்கு ஆஸ்துமா. ராத்திரியானா மூச்சு இழுக்கும்.

— அதையும் அவர்கிட்டச் சொன்னீங்களா?

— சொல்லிட்டேன். அவ்வளவு பரிவாக் கேட்டார். 'பாவம், அம்மா இல்லாம எப்படித் தூங்கும்'னார். என்னைக் குத்திக்காட்டல. உண்மையாவே வருத்தப்பட்டார், அதான் அதுல இருக்கற விஷம். அதுக்கப்புறம் நான் உன் உயரத்தைப் பத்தி யோசிக்கவே இல்ல. இவளோட மருந்துப் புட்டி எந்த அலமாரியில இருக்குன்னு பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொன்னோமா இல்லையான்னுதான் யோசிச்சுக்கிட்டிருந்தேன்.

— என்ன வார்த்தையில கேட்டார்? ஞாபகம் இருக்கா?

— சொன்னேனே. 'அம்மா இல்லாம எப்படித் தூங்கும்.' ஏன், வார்த்தை எதுக்கு?

— சும்மா. தெரிஞ்சுக்கத்தான். பிறகு?

— பிறகு என்ன, அந்த நேரம் பார்த்துத் தபால்காரன் கையைத் தூக்கிட்டான். பத்தாயிடுச்சு. லெமுவான் என் தோளைத் தட்டிட்டு எழுந்து போயிட்டார். நான் ஒண்ணு சொல்றேன், இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. அவர் இன்னொரு தடவை கேட்டிருந்தா நானும் கையைத் தூக்கியிருப்பேன். இந்தத் தெருவுல என்னைப் பெரிய தைரியசாலின்னு சொல்லுவாங்க. அவங்களுக்கு நான் தேவைப்படாததால வந்த தைரியம் அது.

— அப்படி நினைக்காதீங்க.

— நினைக்கல, தெரியும். போகட்டும், அதை உனக்கு எதுக்குச் சொல்றேன்னு கேட்டுக்கோ. நாளைக்கு நீ உள்ள போவே. கத்தறவனைப் பத்திக் கவலையே படாதே. அவங்க கூடிப் பேசி, உன்கிட்ட ஒருத்தரை அனுப்புவாங்க. பார்க்க நல்லவரா இருப்பார். உண்மையாவே நல்லவராத்தான் இருப்பார். காப்பியோட வந்து பக்கத்துல உட்காருவார். வீட்டைப் பத்தி விசாரிப்பார். அந்த நேரம்தான் நீ உன் கேள்வியைக் கெட்டியாப் பிடிச்சுக்கணும். உனக்கும் ஒரு கேள்வி இருக்குமில்ல, யாரும் பதில் சொல்லாத கேள்வி?

— ஒரு கேள்வி இருக்குங்க அந்த அறையில. இன்னைக்குப் பூரா அதையே திரும்பத் திரும்பக் கேட்டாச்சு. யாரும் பதில் சொல்லல.

— அதை விடாதே. புரிஞ்சுதா? சட்டம் இன்னைக்கு உன் பக்கம் இருக்கு. உன்னை விட்டுட்டு அவங்க கோட்டை மாட்டிக்கிட்டுப் போக முடியாது. அன்னைக்கு எனக்கு இல்லாதது இன்னைக்கு உனக்கு இருக்கு. ஏன் உரிக்கறதை நிறுத்திட்டே?

— ஒண்ணுமில்லைங்க.

— யாரை அனுப்புவாங்கன்னு நினைக்கறே? சர்க்கரைக்காரியையா, டிராக்டர்காரனையா? இப்பவே ஆளைப் பார்த்து வெச்சுக்கிட்டா நல்லது.

— ஆள் யார்னு தெரியுங்க. இன்னைக்குச் சாயங்காலமே முடிவு பண்ணிட்டாங்க.

— யாரு?

— நான் அந்த ஒருத்தன் இல்ல, ஓடீலம்மா. அது ஒரு சின்னப் பொண்ணு, வீட்டுல கைக்குழந்தை இருக்கு. ஜெயில்ல இருந்துட்டு வந்தவனே எடுத்துச் சொன்னா அவ கேட்டுக்குவான்னு, நாளைக்குக் காலையில அவ பக்கத்துல உட்கார்ந்து பேச மத்த பத்துப் பேரும் என்னைத்தான் அனுப்பறாங்க.